ஜூன் முப்பத்தொன்று

கியூர்பீப்பில் மழை, எங்கள் சம்பளம் வாங்காத நடிகன்.
மற்ற எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது:
புகை இயந்திரத்துக்கு ஒரு மாலை வாடகை இரண்டாயிரம் ரூபாய்,
கல்லுப்பு பதினோரு கிலோ,
தேயிலைச் சாயத்தில் ஊறிப் பழசான நூற்றிருபது தாள்.
மாடிக் கதவுக்குப் பின்னால் ஒலிக்கும் அலை மட்டும்
மாயேபூர்க் கரையில் நின்று
கோவிலன் கைபேசியில் பிடித்து வந்தது.

கதை இதுதான்:
கடலுக்கு ஐந்நூற்றைம்பது மீட்டர் மேலே, இந்த மரவீட்டில்
ஒரு வானிலைக் கணக்கர் இருந்தார்.
பெயர் பழனியாண்டி. பதிவேட்டில் பஜனியாண்டி.
கடலே எட்டாத இந்த ஊருக்கு
ஓத அட்டவணை எழுதினார்.
எத்தனை மணிக்கு ஏற்றம், எத்தனை மணிக்கு வற்றம்.
பிறகு காணாமல் போனார்.
இழுப்பறைகளில் உப்புப் பூத்திருந்தது.

எட்டுப் பேர் வருவார்கள். தொண்ணூறு நிமிடம்.
விடை, உறையில் ஒட்டி, கடிகாரத்துக்குப் பின்னால்:
உதவியாளர், கடன், கிணறு.
எழுதியவன் நான்.
எழுதும்போதே கொட்டாவி விட்டேன் என்பதையும்
சொல்லிவிடுகிறேன்.

முதல் காட்சி ஜூன் முப்பது.
ஒர்த்தான்ஸ் அம்மாளைப் பிறந்தநாள் பரிசென்று
தங்கை பிள்ளைகள் இழுத்து வந்திருந்தார்கள்.
ஸ்வெட்டர் ஆலையில் இருபத்தெட்டு வருடம்
தரச்சோதனை மேசை. விட்டுப்போன ஒரு கண்ணியை
விரல் நுனியால் பார்த்துவிடுபவர்.

மற்றவர்கள் நாங்கள் வைத்த தடயங்களைப் பொறுக்கினார்கள்,
கிழிந்த ரசீது, ஒற்றைக் கையுறை, மெழுகில் பதிந்த சாவி.
புகைக்குள் கூவினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள்.
அவர் எடுத்ததெல்லாம்
நாங்கள் வைக்காதவை.

மூடாத இழுப்பறை: தச்சன் பிழை.
கூரை ஒழுகும் இடத்தில் நான் மறந்துவிட்ட வாளி.
'அவர் இறங்கிப் போனார்' என்ற வசனத்தை
மிரெல் பதறிப்போய்
'அவர் ஏறி வருகிறார்' என்றது.
அப்புறம் அட்டவணையில், ஜூன் மாதத்தின் அடியில்,
என் தூக்கக் கலக்கத்தில் விழுந்த முப்பத்தொன்றாம் தேதி.
ஏற்றம், இரவு இரண்டு பத்து.
எல்லா நாளுக்கும் வற்றம் எழுதியிருந்தேன்,
அந்த நாளுக்கு எழுதவில்லை.

சமையலறைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாலு பிழையையும் மேசைமேல்
துணியை நீவுவதுபோல் நீவினார்.
யாருக்கும் சொல்லாததுபோல், கிரியோலில்:
'இவர் காணாமல் போகவில்லை.
இன்னும் வந்து சேரவில்லை.'

உறையைப் பிரித்தார்கள். உதவியாளர், கடன், கிணறு.
கைதட்டினார்கள்.
அவர் அந்தத் தாளை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார்,
தேறாத ஸ்வெட்டரைத் தருவதுபோல்.
வாசலில் குடையை விரித்துக்கொண்டே கேட்டார்:
'வாளியை யார் ஊற்றுவது?'

பன்னிரண்டுக்கு மேல் நாங்கள் நாலு பேர்.
முப்பத்தொன்றை அடித்துவிட
கோவிலன் பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். மூடினான்.
ஈரத்தில் மை கலங்கும், நாளைக்குப் பார்க்கலாம்
என்றாள் லவினா.

வீட்டில் உண்மையிலேயே பழசு அந்தக் கடிகாரம் ஒன்றுதான்.
அதற்குத் தெரிந்த எல்லா மாதத்துக்கும்
முப்பத்தொரு நாள்.
குறைமாதம் முடிந்தால் யாராவது கையால் தள்ளி
ஒன்றாம் தேதிக்குக் கொண்டுவர வேண்டும்.
ஏப்ரலில் நான்தான் தள்ளினேன்.
இன்றும் போய் நின்றேன். கண்ணாடியைத் திறந்தேன்.
உள்ளே பல்சக்கரம் ஒருமுறை செருமியது.
கண்ணாடியைச் சாத்திவிட்டு வந்தேன்.

வாளியில் துளி விழும் சத்தம்
முன்பைவிடக் கனம். அல்லது வாளி நிறைந்துவிட்டது.
யாரும் விரலைத் தொட்டு நாக்கில் வைக்கவில்லை.
ஒன்று ஐம்பதுக்கு மிரெல்
காலணியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.
பிறகு லவினா. பிறகு கோவிலன்.
நான் முதலில் புகை இயந்திரத்தைத் தூக்கி
அலமாரி உச்சியில் வைத்தேன்.
வாடகைப் பொருள் அது.